அண்ணாச்சி கடையா, ஆன்லைனா? வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி



போன மாதம் வேடசந்தூர் பக்கம் ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து, வரவு செலவு எழுதி, தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. கிளம்பும் நேரத்தில் ஓர் அக்கா தன் போனை என்னிடம் நீட்டினார்.

"மேடம், இந்த மிக்ஸி இதுல 2,950 ரூபாய் போட்டிருக்கு. நம்ம டவுன் கடையில 3,400 சொல்றாங்க. எதுல வாங்கட்டும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டமே இரண்டாகப் பிரிந்துவிட்டது. "ஆன்லைன்லயே போடுக்கா, 450 ரூபா மிச்சம்." "எங்க நாத்தனார் அப்படித்தான் போன் போட்டாங்க, பெட்டிக்குள்ள செங்கல் இருந்துச்சு." "கடைக்காரங்க மட்டும் என்னவாம், ரசீது கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க." இப்படியே அரை மணி நேரம் ஓடிவிட்டது.

இந்தக் கேள்வி இப்போது எல்லாக் குழுவிலும் வருகிறது. அதனால் இந்த இதழில் இதைப் பற்றி எழுதுகிறேன். உள்ளூர்க் கடை நல்லது, ஆன்லைன் கெட்டது என்று சொல்ல வரவில்லை. இரண்டிலும் லாபம் உண்டு, இரண்டிலும் ஏமாற்றம் உண்டு. பொருளைப் பொறுத்து முடிவு மாறும். ஆனால் எதை வாங்கினாலும் விலையைக் கேட்ட பிறகு இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: "இந்தப் பொருளில் ஏதாவது தப்பு என்றால் நான் யாரிடம் போய் நிற்பேன்?"

இதற்குப் பதில் தெரிந்தால் வாங்கலாம். தெரியவில்லை என்றால் பாதி விலைக்குக் கிடைத்தாலும் யோசிக்க வேண்டும்.

அட்டையில் போட்டிருப்பது மட்டும் விலை அல்ல

அந்த மிக்ஸியையே எடுத்துக்கொள்வோம். ஆன்லைனில் 450 ரூபாய் குறைவு. இது உண்மையான லாபம்தான். நம் வீட்டில் 450 ரூபாய் என்பது சும்மா வருவது இல்லை.

அதே கூட்டத்தில் இருந்த இன்னொரு உறுப்பினர், இதே மாதிரி ஆன்லைனில் வாங்கியவர், தன் கதையைச் சொன்னார். அவர் நூற்பு மில்லில் வேலை செய்கிறார். நான்காவது மாதம் மிக்ஸி நின்றுவிட்டது. வாரண்டி இருந்தது. ஆனால் சர்வீஸ் சென்டர் திண்டுக்கல்லில். கொண்டுபோய்க் கொடுக்க ஒரு நாள் லீவு, திரும்ப வாங்கி வர இன்னொரு நாள் லீவு. ஒரு நாள் சம்பளம் 450 ரூபாய். பழுது பார்க்கப் பணம் வாங்கவில்லை, ஆனால் 900 ரூபாய் சம்பளம் போனது. பஸ் செலவு தனி.

அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் டவுன் கடையில் 3,400 கொடுத்து வாங்கியவர். பழுதானபோது கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிட்டார். கடைப் பையனே கம்பெனிக்கு எடுத்துப்போய்ச் சரிசெய்து மூன்றாம் நாள் கொடுத்துவிட்டான். இவருக்கு 450 ரூபாய் அதிகம் கொடுத்தது நஷ்டமாகத் தெரியவில்லை.

ஆனால் இது எல்லாக் கடைக்கும் பொருந்தாது. மூன்றாவதாக ஒருவர் சொன்னார்: "நான் கிரைண்டர் வாங்குன கடையில ரசீதும் தரல, வாரண்டி கார்டுல சீலும் போடல. ரிப்பேர்னு போனா, கம்பெனிக்காரன்கிட்ட கேட்டுக்கோம்மான்னுட்டாரு." இவர் ஆன்லைனில் வாங்கியிருந்தால் பில்லாவது போனில் இருந்திருக்கும்.

ஆகவே கணக்குப் போடும்போது இப்படிப் போடுங்கள்:

1. பொருளின் விலை.
2. டெலிவரி கட்டணம், வேறு கட்டணம் ஏதும் கடைசியில் சேர்கிறதா?
3. போய் வாங்கினால் பஸ் செலவும் அன்றைய கூலியும்.
4. பழுதானால் எங்கே கொண்டுபோக வேண்டும்? எத்தனை நாள் வேலை போகும்?
5. பில், வாரண்டி கிடைக்குமா?

இந்த ஐந்தையும் கூட்டினால்தான் உண்மையான விலை தெரியும்.

ஆன்லைனில் எப்படிக் குறைவாகத் தருகிறார்கள்?

பல பேர் இதைக் கேட்கிறார்கள். நம் வாரச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். சந்தையை ஏலம் எடுத்தவர் ஒருவர். அவர் இடம் விடுகிறார், சுங்கம் வசூலிக்கிறார். ஆனால் வெண்டைக்காய் விற்பவர் வேறு, கருவாடு விற்பவர் வேறு. ஆன்லைன் தளங்களும் பெரும்பாலும் இப்படித்தான். தளம் நடத்துபவர் சந்தைக்காரர் மாதிரி. பொருளை விற்பவர் டெல்லியிலோ சூரத்திலோ இருக்கும் வேறு ஒரு வியாபாரி. அவர் நாடு முழுக்க விற்பதால் ஒரு பொருளில் கொஞ்சம் லாபம் வைத்தாலும் கட்டுப்படியாகிறது. டவுனில் கடை வாடகை இல்லை. நம் ஊர்க் கடைக்காரரோ மொத்த வியாபாரியிடம் நாலு மிக்ஸி எடுத்து வந்து, அது விற்கும்வரை பணத்தை முடக்கி வைக்கிறார்.

சந்தையில் நல்ல வியாபாரியும் இருப்பார், சொத்தையை அடியில் போட்டுத் தருபவரும் இருப்பார். அதனால் தளத்தின் பெயர் பெரியது என்பதை மட்டும் நம்பக்கூடாது. பொருளுக்குக் கீழே விற்பவர் யார் என்று போட்டிருக்கும். அதைப் பாருங்கள். வாங்கியவர்கள் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவரை விட ஒரு நட்சத்திரம் கொடுத்தவர் என்ன குறை சொல்கிறார் என்று பார்ப்பது நல்லது.

குக்கர் மாதிரிப் பொருளில் இன்னும் கவனம் வேண்டும். பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2022-ம் ஆண்டு, இந்தத் தரம் இல்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காகப் பெரிய ஆன்லைன் தளங்களுக்கே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அந்தக் குக்கர்களைத் திரும்பப் பெற்று, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. முத்திரைக்குக் கீழே சி.எம்/எல் என்று ஆரம்பிக்கும் ஓர் எண் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற அரசு செயலியில் அந்த எண்ணைப் போட்டால் முத்திரை உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். ஆன்லைனில் வாங்கினாலும் சரி, திருவிழாக் கடையில் வாங்கினாலும் சரி, இதைச் செய்யுங்கள்.

ஆன்லைனில் நமக்கு என்ன நன்மை?

நன்மை இல்லாமல் இத்தனை பேர் வாங்குவார்களா? நம் உறுப்பினர்கள் சொன்னதையே எழுதுகிறேன்.

"ஆள் பார்த்து விலை சொல்லாது மேடம்." இது முக்கியமான விஷயம். சில கடைகளில் நம் சேலையையும் செருப்பையும் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள், பேசுகிறார்கள். போனில் எல்லோருக்கும் எழுதிப் போட்ட விலைதான்.

"உள்ளாடை, நாப்கின் எல்லாம் ஆம்பள கடையில கேட்டு வாங்கக் கூச்சமா இருக்கு. அளவும் சரியாக் கிடைக்காது." இதுவும் நியாயம்தான்.

தையல் மெஷினுக்கு ஒரு சின்ன உதிரி பாகம், மகளுக்குப் போட்டித் தேர்வுப் புத்தகம், இந்த மாதிரி நம் ஊரில் கிடைக்காத பொருள்கள் வீடு தேடி வருகின்றன. அரை நாள் அலைச்சல் மிச்சம். டவுன் கடையில் வாங்கப் போகிறவர்களும் போனில் விலையைப் பார்த்துவிட்டுப் போய் பேரம் பேசலாம். "இதுல இவ்வளவு போட்டிருக்கு, நீங்க எவ்வளவுக்குத் தருவீங்க?" என்று கேட்டால் பல கடைக்காரர்கள் குறைக்கிறார்கள்.

அண்ணாச்சி கடையின் நோட்டு

2020 மார்ச் 25-ம் தேதி ஊரடங்கு போட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். மில் மூடிவிட்டார்கள், பஸ் ஓடவில்லை. கையில் பணமும் இல்லை. அப்போது நம் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது? ரேஷன் அரிசி வந்தது. பருப்பும் எண்ணெயும் சோப்பும்? பெரும்பாலான வீடுகளில் தெருமுனைக் கடைக்காரர்தான் நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தார். "வேலை ஆரம்பிச்சதும் கொடும்மா" என்றார்.

எந்த ஆன்லைன் தளமும் முகத்தைப் பார்த்து அரைக் கிலோ பருப்பு கடன் கொடுக்காது. ராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு பிரட் பாக்கெட்டைக் கடனாக வாங்க அந்தக் கடைதான் உண்டு. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நம் குழுக்கள் செய்யும் மசாலாப் பொடி, பினாயில், அப்பளம் எல்லாம் எங்கே விற்கிறது? இந்தக் கடைகளில்தான். எல்லாவற்றையும் வெளியே வாங்கி, அந்தக் கடை மூடிவிட்டால் நம் சரக்கை எங்கே வைப்போம்?

இதைச் சொல்வதால் கடைக்காரர் செய்வதெல்லாம் சரி என்று ஆகாது. நோட்டுக் கணக்கில் நமக்குத் தெரியாத வட்டி இருக்கலாம். கடனுக்கு வாங்குபவர் விலை கேட்பதில்லை, எடை பார்ப்பதில்லை. "நாமளே கடன்காரி, எப்படிக் கேக்குறது" என்று சும்மா வந்துவிடுகிறோம். ஆகவே:

1. கடைக்காரர் நோட்டு ஒன்று என்றால் நம் வீட்டில் ஒரு நோட்டு இருக்க வேண்டும். குழுக் கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலை இல்லை. வாரம் ஒருமுறை இரண்டு நோட்டையும் ஒத்துப் பாருங்கள்.
2. பாக்கெட்டில் போட்டிருக்கும் எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் தப்பு. "கூலிங் சார்ஜ் 2 ரூபாய்" என்பதும் தப்பு. இது ஆன்லைன் விற்பனைக்கும் பொருந்தும்.
3. இப்போது பாக்கெட்டுகளில் எம்.ஆர்.பி. பக்கத்திலேயே ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்றும் சின்னதாகப் போட்டிருப்பார்கள். பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நினைக்க வேண்டாம். ஷாம்பு போன்ற சில பொருள்களில் சாஷேயே மலிவாக இருப்பது உண்டு. எண்ணெயில் பெரும்பாலும் பெரிய பாக்கெட்தான் மலிவு. பார்த்து வாங்குங்கள்.
4. ரசீது கேளுங்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரசீது தர மறுப்பதே நியாயமற்ற வியாபாரம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று போர்டு எழுதி மாட்டியிருந்தாலும், பழுதான பொருளுக்கு அது செல்லாது. ரசீதில் நாள் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளைக்குள் கொடுக்கலாம்.

ஒரு சகோதரிக்கு நடந்தது

இதை எழுத அவரே சம்மதம் கொடுத்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

அவர் ஒரு குழுவின் பிரதிநிதி. போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. மூன்று சேலை 799 ரூபாய், இன்று மட்டும், இன்னும் பத்து நிமிடம்தான் என்று கடிகாரம் ஓடியது. அவசரத்தில் பணத்தைப் போனிலேயே கட்டிவிட்டார். பத்து நாள் கழித்து வந்த பார்சலில் ஒரே ஒரு சேலை, அதுவும் சாயம் போனது. பார்சலில் முகவரி இல்லை.

இதுவரை நஷ்டம் 799 ரூபாய். ஆனால் அதற்குப் பிறகுதான் பெரிய அடி. பணத்தைத் திரும்ப வாங்க வேண்டும் என்று, அந்தக் கடையின் பெயரைப் போட்டு "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடியிருக்கிறார். ஒரு நம்பர் வந்தது. பேசியவன் நல்ல தமிழில், அன்பாகப் பேசியிருக்கிறான். "கவலைப்படாதீங்கம்மா, உடனே பணம் வந்துரும், நான் அனுப்புற செயலியை இறக்குங்க" என்றான். அது நம் போன் திரையை அவன் அங்கே உட்கார்ந்து பார்க்கும் செயலி. பிறகு ரகசிய எண்ணைப் போடச் சொன்னான். போட்டார். 9,200 ரூபாய் போய்விட்டது.

அது அவருடைய பணம் இல்லை. அந்த வாரம் உறுப்பினர்கள் சிலர் கடன் தவணையை அவருடைய போனுக்கே அனுப்பியிருந்தார்கள். மறுநாள் வங்கியில் கட்ட வேண்டிய குழுப் பணம்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. "குழுப் பணத்தைத் தின்னுட்டான்னு சொல்லிருவாங்களேன்னு பயந்தேன் மேடம். வீட்டுக்காரர்கிட்டயும் சொல்ல முடியல" என்று அழுதார். விஷயம் தெரிந்து 1930-க்குப் பேசியபோது நாள் கடந்துவிட்டது. பணம் வேறு வேறு கணக்குக்கு மாறிவிட்டது. திரும்பக் கிடைக்கவில்லை.

அன்று குழுக் கூட்டம் இரவு பத்து மணி வரை நடந்தது. இரண்டு மூன்று பேர் கோபமாகத்தான் பேசினார்கள். கடைசியில் வயதான உறுப்பினர் ஒருவர் சொன்னார்: "இன்னைக்கு அவளுக்கு. நாளைக்கு நம்மள்ல யாருக்கு வேணா நடக்கும். அவ ஓடிப் போகல, வந்து சொல்லிட்டா." அந்த 9,200 ரூபாயை அவர் பெயரில் கடனாக எழுதி, அபராதம் இல்லாமல் தவணையில் கட்டத் தீர்மானம் போட்டார்கள். இனிமேல் போனில் அனுப்பும் பணம் நேராகக் குழுவின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும், தனி ஆள் கணக்குக்குப் போகக்கூடாது என்றும் எழுதினார்கள். எல்லாக் குழுவும் இந்தத் தீர்மானத்தைப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் மேலும் தப்பு இருக்கிறது. கணக்கு எழுத, கூட்டம் நடத்த எல்லாம் பயிற்சி கொடுத்தோம். போனில் பணம் கட்டுவதற்குப் பயிற்சி கொடுக்கவில்லை.

ஆன்லைனில் வாங்கும்போது மறக்கக்கூடாதவை

1. விளம்பரத்தைத் தொட்டு வாங்காதீர்கள். தெரிந்த தளத்தின் செயலிக்குள் நீங்களே போய்த் தேடி வாங்குங்கள்.
2. முதல் முறை வாங்கும் இடத்தில், பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் போடுகிறார்களா என்றும் பாருங்கள்.
3. விலை உயர்ந்த பொருள் என்றால், பெட்டியைத் திறந்து காட்டிக் கொடுக்கும் டெலிவரி இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்த பிறகுதான் ஓ.டி.பி. எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த வசதி இல்லை என்றால், பிரிக்கும்போது பிள்ளையை விட்டு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அதுதான் நம் சாட்சி.
4. பணம் வருவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ஸ்கேன் செய்யவும் தேவை இல்லை. ரகசிய எண்ணைப் போடச் சொன்னால் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். இதை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.
5. கஸ்டமர் கேர் எண்ணை வெளியே தேடாதீர்கள். வாங்கிய செயலிக்குள்ளேயே 'உதவி' பகுதி இருக்கும்.
6. "இன்னும் பத்து நிமிடம்தான்", "இன்னும் இரண்டுதான் இருக்கிறது" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசியில் புதிதாகக் கட்டணம் ஏற்றுவது எல்லாம் தப்பு. இப்படி 13 வகை ஏமாற்று உத்திகளை 2023 நவம்பரில் மத்திய அரசு தடை செய்திருக்கிறது. கடிகாரம் ஓடினால் போனை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். நாளைக்கும் அந்த விலை பெரும்பாலும் இருக்கும்.
7. திரும்பக் கொடுக்க எத்தனை நாள் உண்டு என்று வாங்கும் முன்பே படியுங்கள். பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பிக் கொடுப்பது அவர்கள் போட்ட விதிமுறைப்படிதான். ஆனால் பழுதான, போலியான, சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது.

தவணையில் வாங்கலாமா?

"இப்ப வாங்குங்க, அப்புறம் கட்டுங்க", "வட்டி இல்லாத் தவணை" என்று ஆன்லைனிலும் வருகிறது, டவுன் கடையிலும் சொல்கிறார்கள். ரொக்கமாக வாங்கினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் தள்ளுபடி தவணையில் கிடைக்காது. மேலே பிராசஸிங் கட்டணம் வேறு. ஒரு மாதம் தவறினால் அபராதம். அது கடன் வரலாற்றிலும் பதிவாகும். வங்கிகள் குழுக் கடன் கொடுக்கும்போது உறுப்பினரின் தனிக் கடன் வரலாற்றையும் பார்க்கின்றன. சின்னத் தவணையில் ஒருவர் தவறியதால் குழுவுக்கே வங்கிக் கடன் தள்ளிப்போகலாம்.

நம்மிடம் உள்கடன் இருக்கிறதே! 3,000 ரூபாய் எடுத்து மாதம் 500 வீதம் ஆறு மாதத்தில் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்றால் 30, 25, 20, 15, 10, 5. மொத்தம் 105 ரூபாய். அந்த 105 ரூபாயும் வெளியே போகவில்லை, நம் குழுவுக்கே வருகிறது. கையில் ரொக்கத்தோடு போனால் எந்தக் கடையிலும் பேரம் பேசலாம். அண்ணாச்சி கடைப் பாக்கி ஏறிவிட்டாலும் இப்படி உள்கடன் எடுத்து அடைத்துவிட்டு, தலை நிமிர்ந்து எடை பார்த்து வாங்கலாம்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

பணம் திருட்டுப் போனால் உடனே 1930. ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். சீக்கிரம் சொன்னால், திருடன் கணக்கிலேயே பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட வேண்டியவன் திருடன், நாம் இல்லை.

பொருளில் குறை என்றால் முதலில் செயலியிலேயே புகார் எழுதி, படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். 2020-ம் ஆண்டு மின்னணு வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளத்திலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று பதில் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். உள்ளூர்க் கடை மீதும் இதே எண்ணில் புகார் சொல்லலாம்.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். எடைக் குறைவு, எம்.ஆர்.பி.க்கு மேல் விலை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

ஆனால் நம் ஊர்க் கடைக்காரரிடம் முதலில் நேரில் பேசுங்கள். தனியாகப் போக வேண்டாம், குழுவில் இரண்டு பேர் சேர்ந்து போங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

எதை எங்கே வாங்கலாம்?

அன்றாட மளிகை, காய், பால்: உள்ளூரில். தேவைக்கு ஏற்ப வாங்கலாம், வீணாகாது.

மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் போன்றவை: பில்லும் சீல் போட்ட வாரண்டி கார்டும் கொடுத்து, பழுது பார்த்தும் தரும் கடை இருந்தால் கொஞ்சம் விலை கூட என்றாலும் அங்கே. அப்படிக் கடை இல்லை என்றால், சர்வீஸ் சென்டர் எங்கே என்று பார்த்துவிட்டு ஆன்லைனில்.

விதை, பூச்சிமருந்து: உரிமம் உள்ள கடையில் ரசீதோடு. விதை முளைக்கவில்லை என்றால் வேளாண்மை அலுவலரிடம் காட்ட ரசீதும் பையில் உள்ள அட்டையும் வேண்டும். அறுவடை முடியும் வரை தூக்கி எறியாதீர்கள்.

மாத்திரை மருந்து: டாக்டர் சீட்டோடு மருந்துக் கடையில், பில்லோடு.

புத்தகம், உதிரி பாகம், கேட்டு வாங்கக் கூச்சப்படும் பொருள், ஊரில் கிடைக்காத பொருள்: ஆன்லைனில் தாராளமாக.

சேர்ந்து வாங்கினால்?

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. 15 பேர் உள்ள ஒரு குழு. ஆளுக்கு மாதம் துவரம்பருப்பு 2 கிலோ, எண்ணெய் 2 லிட்டர், மிளகாய் அரைக் கிலோ. மொத்தக் கடையில் பருப்பில் கிலோவுக்கு 12 ரூபாய், எண்ணெயில் லிட்டருக்கு 15 ரூபாய், மிளகாயில் கிலோவுக்கு 40 ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 24, 30, 20 என 74 ரூபாய். ஆட்டோ வாடகை 150-ல் ஆளுக்கு 10 ரூபாய் போனால் 64 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 768 ரூபாய். ஆறு மாதம் இதைச் செய்து பார்த்த குழு ஒன்று, ஏழாவது மாதம் அலைச்சல் தாங்கவில்லை என்று ஒரு வேலை செய்தது. பட்டியலை எடுத்துக்கொண்டு தங்கள் தெருக் கடைக்காரரிடமே போனார்கள். "15 வீட்டுச் சாமான், ஒண்ணாம் தேதி ரொக்கம். மொத்த விலைக்கு மேல கிலோவுக்கு 3 ரூபாய் வச்சுக்கோங்க. கொண்டு வந்து தர்றீங்களா?" என்று கேட்டார்கள். அவர் ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். இப்போது அந்தக் கடையில் அவர்கள் குழுவின் மசாலாப் பொடி முன்வரிசையில் இருக்கிறது.

மிக்ஸி கேட்ட அக்கா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். போனில் இருந்த விலையை டவுன் கடையில் காட்டினார். 3,150-க்கு இறங்கினார்கள். உள்கடனில் ரொக்கமாகக் கொடுத்து, பில் வாங்கி, வாரண்டி கார்டில் சீலும் போட்டு வாங்கி வந்துவிட்டார். "200 ரூபா கூடத்தான் மேடம். ஆனா ரிப்பேர்னா அந்தக் கடை வாசல்ல போயி நிக்கலாம்ல" என்றார்.

அடுத்த கூட்டத்தில் இவற்றைப் பேசி, முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்:

1. கடந்த ஆறு மாதத்தில் ஆன்லைனில் என்ன வாங்கினோம்? யாராவது ஏமாந்தோமா? பயப்படாமல் சொல்லுங்கள்.
2. நம் குழுப் பணம் யாருடைய தனிக் கணக்குக்காவது போகிறதா?
3. கடைப் பாக்கி எவ்வளவு? வீட்டில் நோட்டு இருக்கிறதா?
4. சேர்ந்து வாங்கக்கூடிய மூன்று பொருள்கள் எவை?
5. 1930, 1915 இரண்டு எண்களும் எல்லோர் போனிலும் பதிவாகியிருக்கிறதா?

உங்கள் குழுவில் பேசியதை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
உங்கள் வட்டார ஒருங்கிணைப்பாளர்